புயல் முதல் மின்னல் வரை: இந்தியாவின் முன்னெச்சரிக்கை அமைப்புகள் இயங்குவது எப்படி?

புதுதில்லி: ஒடிசா கடற்கரையை 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி தாக்கிய சூப்பர் புயலில் சுமார் 10 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். பாரதீப் அருகே கரையைக் கடந்த அப்புயலின் காற்று மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2013 அக்டோபர் 12-ஆம் தேதி அதே மாநிலத்தின் கோபால்பூர் அருகே 'பைலின்' புயல் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் கரையைக் கடந்தது. இம்முறை புயலிலும் அதனைத் தொடர்ந்த வெள்ளத்திலும் உயிரிழந்தோர் எண்ணிக்கை நூற்றைத் தொடவில்லை.

இவ்விரு புயல்களுக்கும் இடையே கடலும் கரையும் மாறவில்லை. புயல் வருவதை அறியும் முறையும், அறிந்ததை மக்களிடம் சேர்க்கும் முறையும், செய்தி கேட்ட மக்கள் சென்று தங்குவதற்கான இடமும் மாறியிருந்தன. 1999-இலும் எச்சரிக்கை வெளியிடப்பட்டிருந்தது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. ஆனால் அன்று ஒடிசாவில் இருந்த புயல் பாதுகாப்பு மையங்கள் இருபதைச் சற்றே தாண்டிய எண்ணிக்கையில்தான் இருந்தன. பெரும்பாலான மக்கள் மண் வீடுகளிலேயே புயலை எதிர்கொண்டனர்.

முன்னெச்சரிக்கை என்று பொதுவாகக் கூறப்படும் ஏற்பாட்டில் அடங்கியவை எவை, எந்த ஆபத்துக்கு எந்த அமைப்பு பொறுப்பு, எங்கெல்லாம் அது வெற்றி பெற்றுள்ளது, எங்கெல்லாம் இன்னும் இடைவெளி உள்ளது என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

நான்கு கண்ணிகள் கொண்ட சங்கிலி

ஐக்கிய நாடுகள் சபையின் வரையறைப்படி முன்னெச்சரிக்கை அமைப்பு நான்கு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, எந்தப் பகுதிக்கு எந்த ஆபத்து உள்ளது, அங்கு வசிப்போர் யார் என்ற அறிவு. இரண்டாவது, ஆபத்தைக் கண்காணித்து முன்கணிப்பது. மூன்றாவது, எச்சரிக்கையை உரியவர்களிடம் கொண்டு சேர்ப்பது. நான்காவது, எச்சரிக்கை கிடைத்ததும் செயல்படுவதற்கான ஆயத்த நிலை.

இவற்றில் ஒன்று அறுந்தாலும் மற்ற மூன்றும் பயனற்றுப்போகும். செயற்கைக்கோள் மிகத் துல்லியமாகப் படம் எடுத்தாலும், அந்தச் செய்தி ஆழ்கடலில் உள்ள மீனவருக்குச் சென்று சேரவில்லையெனில் அது எச்சரிக்கை ஆகாது. செய்தி சேர்ந்தாலும், அவர் திரும்பிவர நேரம் இல்லையெனில் அதனால் பயன் இல்லை.

உலகில் உள்ள ஒவ்வொருவரையும் 2027-ஆம் ஆண்டு இறுதிக்குள் முன்னெச்சரிக்கை அமைப்பின் பாதுகாப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்ற இலக்கை ஐ.நா. பொதுச் செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ் 2022 மார்ச் மாதம் அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக் நகரில் நடைபெற்ற பருவநிலை மாநாட்டில் அதற்கான செயல்திட்டம் வெளியிடப்பட்டது.

துறைமுகத்தில் தொடங்கிய வரலாறு

இந்தியாவில் புயல் எச்சரிக்கைப் பணி கப்பல்களைக் காப்பதற்காகவே தொடங்கியது. 1864 அக்டோபரில் கொல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரக்கணக்கானோரைப் பலிகொண்டதுடன், ஹூக்ளி ஆற்றில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களையும் சிதைத்தது. அதற்கு மறு ஆண்டே கொல்கத்தா துறைமுகத்திற்கான எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பருவமழை பொய்த்ததால் பஞ்சமும் சேர்ந்துகொள்ள, 1875-ஆம் ஆண்டு இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது.

சுதந்திரத்திற்குப் பின், புயலைக் கண்டறியும் நாட்டின் முதல் ரேடார் 1970-இல் விசாகப்பட்டினத்தில் அமைக்கப்பட்டது. ஆயினும் 1977 நவம்பர் 19-ஆம் தேதி ஆந்திரத்தின் திவிசீமா பகுதியைத் தாக்கிய புயலில் சுமார் 10 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். காற்றைவிட, புயலால் உந்தப்பட்டு நிலத்துக்குள் புகுந்த கடல் நீரே அங்கு பெரும் உயிர்ச்சேதத்தை ஏற்படுத்தியது. காற்றின் வேகத்துடன் கடல் நீர் எவ்வளவு உயரம் எழும், எவ்வளவு தூரம் உட்புகும் என்பதையும் சேர்த்துக் கூற வேண்டிய தேவையை அந்தப் பேரழிவு உணர்த்தியது.

காற்றின் வேகத்தையும் திசையையும் மழைத்துளிகளின் அசைவைக் கொண்டு அளக்கும் டாப்ளர் ரேடார்களில் முதலாவது 2002-இல் சென்னையில் செயல்பாட்டுக்கு வந்தது. 2014-ஆம் ஆண்டளவில் 15 என்ற அளவில் இருந்த இவ்வகை ரேடார்களின் எண்ணிக்கை, அடுத்த பத்தாண்டுகளில் சுமார் 40 ஆக உயர்ந்தது.

எந்த ஆபத்துக்கு யார் பொறுப்பு?

புயல், கனமழை, வெப்ப அலை, இடி மின்னல் ஆகியவற்றுக்கான எச்சரிக்கையை இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடுகிறது. ஆழிப்பேரலை, உயரலை, கடல் கொந்தளிப்பு ஆகியவற்றை ஹைதராபாதில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கண்காணிக்கிறது. ஆற்று வெள்ளத்தை மத்திய நீர் ஆணையமும், நிலச்சரிவை இந்தியப் புவியியல் ஆய்வு மையமும், நிலநடுக்கப் பதிவுகளைத் தேசிய நில அதிர்வியல் மையமும் கவனிக்கின்றன.

இந்த அமைப்புகள் தரும் தகவல்களை ஒருங்கிணைத்துப் பொதுமக்களிடம் கொண்டு சேர்க்கும் பணியைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும், மாநில, மாவட்ட அளவிலான ஆணையங்களும் மேற்கொள்கின்றன. மக்களை வெளியேற்றுவதா, வேண்டாமா என்ற முடிவை எடுப்பது பெரும்பாலும் மாவட்ட நிர்வாகமே. இந்த அடுக்குமுறைக்கு 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் அடிப்படையாக உள்ளது. தேசியப் பேரிடர் மீட்புப் படையும் இச்சட்டத்தின் கீழ் 2006-இல் உருவாக்கப்பட்டதே.

புயல்: நான்கு கட்ட எச்சரிக்கை

புயல் எச்சரிக்கை இந்தியாவில் நான்கு கட்டங்களாக வெளியிடப்படுகிறது. முதல் கட்டமான 'புயலுக்கு முந்தைய கண்காணிப்பு', கடற்கரையில் மோசமான வானிலை தொடங்குவதற்கு சுமார் 72 மணி நேரத்திற்கு முன்பு அரசு நிர்வாகத்தின் உயர் நிலையினருக்கு அனுப்பப்படுகிறது. இரண்டாம் கட்டமான 'புயல் உஷார் அறிவிப்பு' 48 மணி நேரத்திற்கு முன்பும், மூன்றாம் கட்டமான 'புயல் எச்சரிக்கை' 24 மணி நேரத்திற்கு முன்பும் வெளியாகின்றன. நான்காம் கட்டம், புயல் கரையைக் கடப்பதற்கு சுமார் 12 மணி நேரத்திற்கு முன்பு வெளியாகும். கரையைக் கடந்த பின் உள்நாட்டில் அது எப்பாதையில் செல்லும், எந்த மாவட்டங்கள் பாதிக்கப்படும் என்பதை அது தெரிவிக்கும்.

இரண்டாம் கட்டத்துக்கு மஞ்சள், மூன்றாம் கட்டத்துக்கு ஆரஞ்சு, நான்காம் கட்டத்துக்குச் சிவப்பு என நிறக் குறியீடுகள் வழங்கப்பட்டுள்ளன.

வானிலை அறிக்கைகளில் இடம்பெறும் பெயர்கள் ஒவ்வொன்றும் காற்றின் வேகத்தைக் குறிப்பவை. மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை வீசினால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். அப்போதுதான் அதற்குப் பெயர் சூட்டப்படும். 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல். அதற்கு மேல் மிகத் தீவிரப் புயல், அதி தீவிரப் புயல் என வளர்ந்து, 222 கிலோமீட்டரையும் அதற்கு மேலும் எட்டினால் சூப்பர் புயல் எனப்படும்.

வட இந்தியப் பெருங்கடலில் உருவாகும் புயல்களுக்கு 2004-ஆம் ஆண்டு முதல் பெயர் வைக்கப்பட்டு வருகிறது. தற்போது நடைமுறையில் உள்ள 2020-ஆம் ஆண்டுப் பட்டியலில் 13 நாடுகள் தலா 13 பெயர்கள் வீதம் 169 பெயர்களை வழங்கியுள்ளன. இந்தியா அளித்த பெயர்களில் 'முரசு', 'நீர்' ஆகியவை இடம்பெற்றுள்ளன. எண்களையும் தொழில்நுட்பச் சொற்களையும்விடப் பெயர் எளிதில் நினைவில் நிற்கும் என்பதும், ஒரே நேரத்தில் இரு புயல்கள் இருந்தால் குழப்பம் நேராது என்பதுமே இம்முறைக்கான காரணங்கள்.

துறைமுகக் கூண்டுகள் கூறுவது என்ன?

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டவை. முதல் இரண்டும் தொலைவில் உள்ள ஆபத்தைக் குறிக்கின்றன. 3, 4 ஆகியவை அந்தத் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும் என்ற முன்னறிவிப்பு. 5, 6, 7 ஆகியவை ஆபத்தையும், 8, 9, 10 ஆகியவை பேராபத்தையும் குறிப்பவை. புயல் துறைமுகத்தின் இடப்புறமாகக் கடக்குமா, வலப்புறமாகக் கடக்குமா, நேராகத் துறைமுகத்தின் மீதே வருமா என்பதைப் பொறுத்து எண் மாறும்.

பதினோராவது கூண்டு புயலின் தீவிரத்தைக் குறிப்பதில்லை. எச்சரிக்கை மையத்துடனான தகவல் தொடர்பு முற்றிலும் அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கு வாய்ப்புள்ளது என்று துறைமுக அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். தொடர்பு அறுபடுவதையே ஓர் ஆபத்தாகக் கருதி, அதற்கெனத் தனிக் குறியீடு ஒதுக்கப்பட்டுள்ளது.

நிறமும் சொல்லும்

அன்றாட வானிலை அறிக்கையில் வரும் நிறங்கள் நான்கு. பச்சை எனில் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் எனில் நிலைமையைக் கவனித்து வர வேண்டும். ஆரஞ்சு எனில் ஆயத்தமாக இருக்க வேண்டும். சிவப்பு எனில் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

இந்த நிறங்கள் மழையின் அளவை மட்டும் கொண்டு முடிவு செய்யப்படுவதில்லை. அந்த அளவு மழை பெய்வதற்கான வாய்ப்பும், அதனால் நேரக்கூடிய பாதிப்பும் சேர்த்தே கணக்கிடப்படுகின்றன. எனவே ஒரே அளவு மழைக்கு இரு மாவட்டங்களில் இரு வேறு நிறங்கள் அறிவிக்கப்படலாம்.

மழையைக் குறிக்கும் சொற்களுக்கும் வரையறை உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் அது கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. பேச்சு வழக்கில் 'மிக', 'அதி' என்ற இரு முன்னொட்டுகளுக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. ஆனால் வானிலை அறிக்கையில் ஒன்று மற்றொன்றைவிட ஒரு படி உயர்ந்தது. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர் என்பதை நினைவில் கொண்டால், 204 மில்லிமீட்டர் மழை ஒரு நகரத்தின் வடிகால்களுக்கு எத்தகைய சுமை என்பது விளங்கும்.

ஆழிப்பேரலை: பத்து நிமிடக் கணக்கு

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அளவு 9.1 எனக் கணக்கிடப்பட்டது. தமிழகக் கடற்கரையை அலைகள் எட்டுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் அதிகமாக இருந்தது. எனினும் இந்தியப் பெருங்கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பே இல்லை. இந்தியாவில் 10 ஆயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். மேலும் பல ஆயிரம் பேர் காணாமற்போயினர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பலியாயினர்.

இதன் பின்னரே ஹைதராபாதில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டு, 2007 அக்டோபர் 15 முதல் செயல்பட்டு வருகிறது. நிலநடுக்கப் பதிவுக் கருவிகள், ஆழ்கடல் தரையில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகள், கரையோர அலைமானிகள் ஆகியவற்றிலிருந்து இம்மையத்துக்குத் தகவல் வருகிறது. பெரிய நிலநடுக்கம் நேர்ந்தால் சுமார் பத்து நிமிடங்களுக்குள் முதல் அறிக்கையை வெளியிடுவது இதன் இலக்கு. ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகியவற்றுடன் இணைந்து இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கும் இம்மையம் இச்சேவையை வழங்குகிறது.

அலை ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய பகுதிகளுக்கு, கடல் மட்டத் தகவலுக்காகக் காத்திராமல் நிலநடுக்க அளவைக் கொண்டே எச்சரிக்கை விடுக்கப்படும். அந்தமான் நிக்கோபார் தீவுகள் பெரும்பாலும் இவ்வகையில் வரும். அதற்கு அப்பால் உள்ள இந்தியாவின் கிழக்குக் கரை போன்ற பகுதிகளுக்கு, அலை உருவானது கருவிகளில் உறுதியான பின்னரே உயர்நிலை எச்சரிக்கை விடுக்கப்படும்.

2012 ஏப்ரல் 11-ஆம் தேதி சுமத்ரா அருகே 8.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது இம்முறை சோதனைக்கு உள்ளானது. சில நிமிடங்களில் அறிக்கை வெளியானது. கடலோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர். புவித்தட்டுகள் செங்குத்தாக உயராமல் பக்கவாட்டில் நகர்ந்திருந்ததால் பெரிய அலை எழவில்லை. அன்றே எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. தேவையற்ற வெளியேற்றங்கள் பெருகினால் அடுத்த எச்சரிக்கையை மக்கள் நம்பத் தயங்குவர் என்பதால், உரிய நேரத்தில் எச்சரிக்கையை விலக்கிக்கொள்வதும் இம்மையத்தின் கடமைகளில் ஒன்றாகிறது.

கருவிகள் கரையில் உள்ளவர்களைத் தாமே காப்பாற்றுவதில்லை. வெளியேறும் பாதைகளை அடையாளமிட்டு, ஒத்திகை நடத்தி, ஊர் மக்களே குழுக்கள் அமைத்துச் செயல்படும் கிராமங்களை ஆழிப்பேரலைக்கு ஆயத்தமானவை என யுனெஸ்கோ அமைப்பு அங்கீகரிக்கிறது. ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி ஆகிய இரு கிராமங்கள் 2020-இல் இந்தியாவில் முதன்முறையாக இந்த அங்கீகாரத்தைப் பெற்றன.

வெள்ளம்: ஆற்றின் அளவுகோல்

நாட்டில் ஆற்று வெள்ள முன்கணிப்பு 1958-இல் தில்லியின் பழைய யமுனை பாலத்தில் தொடங்கியது. இன்று மத்திய நீர் ஆணையம் 300-க்கும் மேற்பட்ட இடங்களுக்கு நீர்மட்ட, நீர்வரத்து முன்கணிப்புகளை வெளியிடுகிறது. ஆற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழையும் அங்குள்ள நீர்மட்டமும் தெரிந்தால், கீழ்ப்பகுதிக்கு எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு நீர் வரும் எனக் கணக்கிடலாம் என்பதே இதன் அடிப்படை.

நீர்மட்டம் எச்சரிக்கை அளவைத் தாண்டி அபாய அளவுக்குக் கீழே இருந்தால் அது 'இயல்புக்கு மேற்பட்ட வெள்ளம்'. அபாய அளவைத் தாண்டினால் 'கடும் வெள்ளம்'. அந்த இடத்தில் இதுவரை பதிவான உச்ச அளவை எட்டினால் 'மிகக் கடும் வெள்ளம்'. கங்கை, பிரம்மபுத்திரா போன்ற பெரிய ஆறுகளுக்கு இம்முறை நன்கு பொருந்துகிறது. மலைச் சரிவுகளில் ஓரிரு மணி நேரத்தில் பெருகி வடியும் திடீர் வெள்ளத்துக்கு இது போதாது. அதற்கென இந்தியா, வங்கதேசம், பூடான், நேபாளம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளுக்கான திடீர் வெள்ள வழிகாட்டு அமைப்பு 2020 அக்டோபரில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. இது ஆறு மணி நேரத்துக்கு முன்பு வரையிலான அச்சுறுத்தலையும், 24 மணி நேரத்துக்கு முன்பு வரையிலான அபாய வாய்ப்பையும் தெரிவிக்கிறது.

மின்னலும் வெப்பமும்

புயலுக்குக் கிடைக்கும் கவனம் மின்னலுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவுகளின்படி, 2022-ஆம் ஆண்டில் இயற்கைச் சீற்றங்களால் உயிரிழந்த 8,060 பேரில் 2,887 பேர் மின்னல் தாக்கி இறந்தவர்கள். இது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். மின்னல் ஒரு முறைக்கு ஒருவரையோ இருவரையோ பலிகொள்வதால் அது பேரழிவாகத் தோன்றுவதில்லை. வயல்வெளியில் வேலை செய்வோரும், மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவோரும், கால்நடை மேய்ப்போருமே பெரும்பாலும் பலியாகின்றனர்.

புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' கைப்பேசிச் செயலி, பயனாளர் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் நிகழ்வதைத் தெரிவிக்கிறது. வயலில் இருப்பவர் உறுதியான கட்டடத்தை அடைய இந்த அவகாசம் உதவும்.

வெப்ப அலையைப் பொறுத்தவரை, 2010 மே மாதம் ஏற்பட்ட கடும் வெப்பத்தில் வழக்கத்தைவிட ஆயிரத்துக்கும் அதிகமான உயிரிழப்புகளைக் கண்ட அகமதாபாத் நகரம், 2013-இல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. தெற்காசியாவில் ஒரு நகரம் வகுத்த முதல் திட்டமாக அது கருதப்படுகிறது. சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் வெப்ப அலை அறிவிக்கப்படுகிறது. கடலோரப் பகுதிகளுக்கு 37 டிகிரியும், மலைப் பகுதிகளுக்கு 30 டிகிரியும் தொடக்க அளவுகளாக உள்ளன.

நிலநடுக்கம்: வினாடிகளில் அளக்கப்படும் அவகாசம்

நிலநடுக்கம் எப்போது நிகழும் என்பதை முன்கூட்டியே கூறும் அறிவியல் முறை உலகில் எங்கும் இல்லை. நிலநடுக்கம் தொடங்கிய பின், அதன் சேதம் விளைவிக்கும் அலைகள் வந்து சேர்வதற்கு முன் எச்சரிப்பது மட்டுமே இயலும். முதலில் வரும் அலைகள் விரைவானவை, வலு குறைந்தவை. அடுத்து வருபவை மெதுவானவை, வலு மிக்கவை. முதல் அலையைக் கருவிகள் உணர்ந்ததும், தொலைவில் உள்ள நகரங்களுக்கு மின்னணு வேகத்தில் செய்தி அனுப்பலாம். இந்த அடிப்படையில் ரூர்க்கி ஐ.ஐ.டி. உருவாக்கிய செயலி 2021-இல் உத்தராகண்ட் மாநிலத்தில் அறிமுகப்படுத்தப்பட்டது. கிடைக்கும் அவகாசம் சில வினாடிகள் முதல் ஒரு நிமிடத்துக்கு உட்பட்டதே. நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் உள்ளவர்களுக்கு அந்த அவகாசமும் கிடைக்காது.

கைப்பேசியில் ஒலிக்கும் எச்சரிக்கை

2023-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நாட்டின் பல மாநிலங்களில் கைப்பேசிகள் திடீரென உரத்த ஒலியுடன் அதிர்ந்தன. திரையில் சோதனைச் செய்தி தோன்றியது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் நடத்திய செல் ஒலிபரப்புச் சோதனை அது.

இது குறுஞ்செய்தியிலிருந்து வேறுபட்டது. குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாக அனுப்பப்படுகிறது. லட்சக்கணக்கானோருக்கு அனுப்பும்போது தாமதம் நேரும். செல் ஒலிபரப்பில், குறிப்பிட்ட பகுதியில் உள்ள கோபுரங்கள் தம் எல்லைக்குள் உள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தியை ஒலிபரப்புகின்றன. எண் தேவையில்லை. அப்பகுதி வழியே பயணிக்கும் வெளியூர்க்காரருக்கும் அது சென்று சேரும்.

இதற்குப் பின்புலமாக இருப்பது, பல்வேறு அமைப்புகளின் எச்சரிக்கைகளை ஒரே பொது வடிவத்தில் தொகுக்கும் 'சசேத்' என்னும் தளம். சி-டாட் நிறுவனம் இதை உருவாக்கியது. இதன்மூலம் வட்டார மொழிகளிலும் செய்தி அனுப்பப்படுகிறது. எச்சரிக்கை, கேட்பவர் புரிந்துகொள்ளும் மொழியில் இருந்தால்தான் அவர் உடனே செயல்படுவார் என்பதால், இது ஒப்புக்குச் செய்யும் ஏற்பாடன்று.

சங்கிலி அறுந்த இடங்கள்

2017 நவம்பரில் 'ஒக்கி' புயல் உருவானபோது, 29-ஆம் தேதி காலை தாழ்வு மண்டலமாக இருந்தது 30-ஆம் தேதி முற்பகலுக்குள் புயலாகிவிட்டது. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்ட மீனவர்கள் பலர் அதற்குப் பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். கரையிலிருந்து சுமார் 10 முதல் 12 கிலோமீட்டருக்கு அப்பால் கைப்பேசித் தொடர்பு கிடைப்பதில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். ஆழ்கடலுக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் 'ஜெமினி' கருவியை மத்திய அரசு 2019 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. கருவியின் விலை, ஒவ்வொரு படகிலும் அதைப் பொருத்துவது, பழுது பார்ப்பது ஆகியவை இதன் தொடர் சவால்கள்.

சிக்கிம் மாநிலத்தின் தெற்கு லோனாக் பனி ஏரி உடையக்கூடும் என ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கூறி வந்தனர். முன்னெச்சரிக்கை அமைப்பின் முதல் கட்டமாகக் கண்காணிப்புக் கேமராவும் வானிலைக் கருவிகளும் 2023 செப்டம்பரில் அங்கு நிறுவப்பட்டன. அமைப்பு முழுமையடையும் முன்பே, அக்டோபர் 3-ஆம் தேதி நள்ளிரவையொட்டி ஏரி உடைந்தது. தீஸ்தா ஆற்றில் பாய்ந்த வெள்ளம் சுங்தாங்கில் இருந்த அணையை அடித்துச் சென்றது. ஆபத்து உள்ள இடத்தை அறிந்திருந்தும் அமைப்பு காலத்தில் முடியாததற்கு இது எடுத்துக்காட்டு.

2024 ஜூலை 30-ஆம் தேதி அதிகாலை கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளை நிலச்சரிவு மூடியது. 200-க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். உரிய எச்சரிக்கை முன்பே வழங்கப்பட்டதா என்பதில் மத்திய, கேரள அரசுகளிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. எச்சரிக்கை எந்த நிறத்தில், எந்த நாளில், எந்தப் பரப்புக்கு விடுக்கப்பட்டது என்பதே விவாதத்தின் மையமாக இருந்தது. மாவட்டம் முழுமைக்குமான மழை எச்சரிக்கையைக் கொண்டு, குறிப்பிட்ட ஒரு சரிவின் கீழ் உள்ள கிராமத்தை வெளியேற்றும் முடிவை எடுப்பது கடினம் என்பதை அச்சம்பவம் வெளிப்படுத்தியது. நிலச்சரிவு முன்கணிப்புக்கான தேசிய மையம் அதற்குச் சில நாள்கள் முன்புதான் கொல்கத்தாவில் தொடங்கப்பட்டிருந்தது. டார்ஜீலிங், காலிம்போங், நீலகிரி மாவட்டங்களுக்கு அறிக்கைகள் வெளியிடுவதுடன் அதன் பணி ஆரம்பமானது.

மேகவெடிப்பும் இதே வகைச் சிக்கலைக் கொண்டது. 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்வதையே வானிலை ஆய்வுத் துறை மேகவெடிப்பு என்கிறது. இவ்வளவு சிறிய பரப்பைப் பல மணி நேரத்துக்கு முன்பே சுட்டிக்காட்டுவது இன்றைய முன்கணிப்பு முறைகளுக்கு எளிதன்று.

ஒடிசா காட்டிய வழி

1999 புயலுக்குப் பின் அதே ஆண்டில் மாநிலப் பேரிடர் மேலாண்மைக்கெனத் தனி ஆணையத்தை ஒடிசா ஏற்படுத்தியது. 2005-ஆம் ஆண்டின் தேசியச் சட்டத்துக்கும் முந்தையது இது. கடலோரத்தில் 800-க்கும் மேற்பட்ட பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. சாதாரண நாள்களில் அவற்றில் பல பள்ளிக்கூடங்களாக இயங்குகின்றன. இதனால் கட்டடம் பராமரிப்பில் இருக்கிறது. ஊராருக்கு வழியும் பழகியிருக்கிறது. கடலோர மாவட்டங்களில் 122 இடங்களில் எச்சரிக்கைச் சங்குக் கோபுரங்கள் 2018-இல் செயல்பாட்டுக்கு வந்தன. புவனேசுவரத்தில் இருந்தே அவற்றை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யலாம்.

2019 மே 3-ஆம் தேதி 'ஃபானி' புயல் புரி அருகே கரையைக் கடப்பதற்கு முன், சுமார் 12 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று முதியோர், கருவுற்ற பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரை முதலில் அழைத்துச் சென்றனர். அப்புயலில் ஒடிசாவில் 64 பேர் உயிரிழந்தனர். ஆனால் லட்சக்கணக்கான வீடுகளும் மரங்களும் மின்கம்பங்களும் சேதமடைந்தன. பல பகுதிகளில் மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின. முன்னெச்சரிக்கை உயிரைக் காக்கும். வீட்டையும் வாழ்வாதாரத்தையும் காக்க வேறு முதலீடுகள் தேவை என்பதை இது உணர்த்தியது.

அடுத்த கட்டம்

வானிலைக் கண்காணிப்பை விரிவாக்கும் 'மௌசம் திட்டத்துக்கு' மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. இரு ஆண்டுகளுக்கு ரூ.2,000 கோடி ஒதுக்கப்பட்டது. கூடுதல் ரேடார்கள், கருவிகள், அதிவேகக் கணினிகள் ஆகியவை இதன்கீழ் வருகின்றன. 2025 மே மாதம் அறிமுகப்படுத்தப்பட்ட பாரத் முன்கணிப்பு அமைப்பு, 6 கிலோமீட்டர் இடைவெளிக் கட்டங்களாகப் பிரித்து வானிலையைக் கணிக்கிறது. கட்டம் சிறிதாகும்போது, மாவட்ட அளவில் இருந்து ஊராட்சி அளவுக்கு எச்சரிக்கையைக் கொண்டுசெல்வது எளிதாகும்.

எனினும் ஒவ்வொரு முன்கணிப்பிலும் பிழைக்கு இடம் உண்டு. புயல் பாதையைக் காட்டும் வரைபடத்தில் நடுக்கோட்டின் இருபுறமும் விரியும் கூம்பு வடிவம் அந்தப் பிழையின் அளவையே குறிக்கிறது. 24 மணி நேரப் பாதைக் கணிப்பின் சராசரிப் பிழை சமீப ஆண்டுகளில் 100 கிலோமீட்டருக்குக் கீழே குறைந்துள்ளது. ஆயினும் நடுக்கோட்டை மட்டும் பார்த்துவிட்டுத் தம் ஊர் தப்பியது எனக் கருதுவது தவறாகும்.

எச்சரிக்கை கிடைத்தால் செய்ய வேண்டியவை

கனமழை அல்லது புயல் எச்சரிக்கை வெளியானால் குடும்ப அட்டை, ஆதார், மருத்துவ ஆவணங்கள், அன்றாட மருந்துகள் ஆகியவற்றை நீர் புகாத உறையில் வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியை முழுமையாக மின்னேற்றம் செய்ய வேண்டும். புயலின் மையப்பகுதி கடக்கும்போது காற்று சிறிது நேரம் ஓயும். அதன் பின் எதிர்த்திசையில் மீண்டும் கடுமையாக வீசும் என்பதால், அதிகாரிகள் அறிவிக்கும் வரை வெளியே வரக்கூடாது.

இடியோசை கேட்டால் உறுதியான கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். மரத்தடியிலும் மின்கம்பத்தின் அருகிலும் நிற்கக்கூடாது. கடற்கரையில் இருக்கும்போது வலுவான நில அதிர்வை உணர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, அறிவிப்புக்காகக் காத்திராமல் உடனே மேட்டுப் பகுதிக்குச் செல்ல வேண்டும்.

அவசர உதவிக்கு 112 என்ற எண்ணையும், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும், மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும் தொடர்பு கொள்ளலாம். அருகில் உள்ள பாதுகாப்பு மையம் எது, அங்கு செல்லும் வழி எது என்பதை மழைக்காலம் தொடங்கும் முன்பே குடும்பத்தினர் அனைவரும் அறிந்து வைத்திருப்பது அவசியம் எனப் பேரிடர் மேலாண்மை அமைப்புகள் தொடர்ந்து அறிவுறுத்தி வருகின்றன.